ஏழாம் இலக்கக் கடைக்கு ஒதுக்கிய மழை

1976ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி விடிந்தபோது கம்மிரிஸ்வத்தைப் பட்டினசபையின் பிரசவ விடுதி ஒரு கோழிக்கூட்டின் அளவுக்குச் சிறுத்துப் போயிருந்தது. நாலு கட்டில், தண்ணீர்த் தொட்டி, இரண்டு சன்னல், வாசலில் ஒரு செம்பரத்தை, எல்லாம் அப்படியே இருந்தன. அளவுதான் குறைந்திருந்தது. அன்று காலை பாண் ரொட்டியின் விலையும் ஏறியிருந்ததால் ஊர் முதலில் பாணைப் பற்றித்தான் பேசியது. பாணைத் திட்டி முடித்துக்கொண்டு விடுதியைப் பார்க்க வந்தவர்கள், சபை இதற்கு இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கியதாம் என்று கேட்டார்கள். பத்து ரூபாய் என்றார்கள். அப்படியென்றால் சரி, பத்து ரூபாய்க்கு இவ்வளவுதான் வரும் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். நோனா மட்டும் போகவில்லை. அவள்தான் அங்கே மருத்துவிச்சி. அவளுடைய சம்பளம் கொழும்பிலிருந்து நேராக வருவதால் அவள் சிறுக்கவில்லை. வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாக முழு அளவில் நின்றாள். குந்தி உட்கார்ந்து, சன்னலுக்குள் சுண்டுவிரலை விட்டுத் துழாவித் தன் கத்தரிக்கோலை வெளியே எடுத்தாள். அது ஒரு சித்தெறும்பின் அளவுக்கு இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தையை அச்சில் போட முடியாது.

கம்மிரிஸ்வத்தை, இரத்தோட்டைக்கு மேலே, மிளகும் தேயிலையும் ஒன்றோடொன்று எல்லைத் தகராறு பண்ணிக்கொண்டிருக்கும் இடத்திலுள்ள சின்னப் பட்டினம். மற்ற ஊர்களில் சபை ஒன்றைத் தீர்மானிக்கும், அது நடக்காது. இங்கே சபை கைதூக்கி நிறைவேற்றிய வரவுசெலவுத் திட்டம் ஜனவரி முதலாம் திகதி அச்சொட்டாக ஊருக்குள் இறங்கிவிடும். முதல் தலைவர் சத்தியப்பிரமாணம் செய்தபோது கூரையில் பல்லி சொன்னது என்றும், அது சொன்ன சத்தத்தில் மேசைமேல் இருந்த மைக்கூடு கவிழ்ந்தது என்றும் காரணம் சொல்வார்கள். ஒதுக்கினால் இருக்கும், குறைத்தால் குறையும், வெட்டினால் போய்விடும். 1972இல் வாசிகசாலையை வெட்டினார்கள். விடிந்து பார்த்தால் வாசிகசாலை இல்லை. அது நின்ற இடமும் இல்லை. இரண்டு பக்கத்துக் கடைகளும் பிறந்ததிலிருந்தே ஒட்டியிருந்தவைபோல ஒட்டிக்கொண்டு நின்றன. வாசிகசாலைக்காரர் பல வருடங்கள் காலையில் சாவியோடு வந்து அந்தச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டு, மாலையில் வீட்டுக்குப் போனார்.

அதைவிட மோசமானது, வராத வருமானத்தை வந்ததாக எழுதுவது. 1975ஆம் ஆண்டுத் திட்டத்தில் கையைக் கடித்தபோது அப்போதைய நிதிக்குழு, ‘எதிர்பார்க்கப்படும் வருமானம்’ என்று ஒரு பெரிய தொகையை வரவுப் பக்கத்தில் எழுதிச் சமன் செய்தது. வராத பணத்தில் செய்த காரியம் புகையாகிவிடும். எது புகையாகும் என்பதுதான் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அந்த வருடம் புகை ஆற்றுப் பாலத்தில் போய் உட்கார்ந்தது. பார்வைக்குக் கம்பியும் பலகையுமாகப் பாலம் கம்பீரமாகத்தான் நின்றது; நடு ஆற்றுக்கு வந்ததும் கால் பலகைக்குள் இறங்கிவிடும். ஒரு கல்யாண ஊர்வலமே மாப்பிள்ளையோடு ஆற்றில் இறங்கி, நாதஸ்வரத்தை வாயிலிருந்து எடுக்காமல் அக்கரை ஏறியதாம். முகூர்த்தம் தப்பவில்லை. பட்டினசபை உறுப்பினரும் புடவைக் கடைக்காரருமான ஸஹாப்தீனின் பால்மாடு மட்டும் போய்விட்டது. ஆறு மாதத்துக்கு அந்த ஆற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டால் பால் ஊற்ற வேண்டியிருக்கவில்லை என்று சொல்வார்கள். அதைக் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் புகைக்குப் பிறகுதான் நிதிக்குழுவை மாணிக்கவாசகத்திடம் கொடுத்தார்கள். சபைக்குச் சொந்தமான சந்தைக் கட்டடத்தில், ஸஹாப்தீனின் புடவைக் கடைக்குப் பக்கத்தில், ஏழாம் இலக்கக் கடை அவருடையது. மிளகு, ஏலம், சாதிக்காய் வியாபாரம். தராசுத் தட்டு ஆடி அடங்கும்வரை மூச்சுவிடாத மனிதர். பஜார் வட்டாரத்தில் வாக்குரிமையுள்ள தமிழர்கள் கொஞ்சம் பேர், அவர்கள் போட்ட வாக்கில் வந்தவர். மலையில், தேயிலைத் தோட்டத்து லயங்களில், வரிசை வீடுகளில், இருந்த அவருடைய சனத்துக்கு அந்த உரிமையும் கிடையாது. இந்தியாவா இலங்கையா என்று இரண்டு அரசாங்கங்களும் அவர்களைப் பங்கு பிரித்து முடிக்கும்வரை அவர்கள் எந்த நாட்டுக் கணக்கிலும் ஏறாமல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

மாணிக்கவாசகம் பொறுப்பேற்ற வருடமே வருமானத்தில் பாதி விழுந்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, துரைமார் கப்பலேறினார்கள், அவர்கள் சபைக்குக் கட்டிவந்த ஏக்கர் வரியும் அவர்களோடு கப்பலேறியது. புதிதாக வந்த நிர்வாகம், அரசாங்கம் அரசாங்கத்துக்கே வரி கட்டுவது எப்படி என்று கேட்டது. கேள்வி நியாயமானதாகவே இருந்தது. சபைதான் அந்தக் கேள்விக்குள் முழுகிப் போயிற்று. பணம் குறையக் குறைய, காரியாலயத்தின் இரும்புப் பெட்டி தரையைவிட்டு எழும்பத் தொடங்கியது. நவம்பரில் கூட்டுகிறவள் அதற்கு அடியில் விளக்குமாற்றை விட்டுக் கூட்டினாள். டிசம்பரில் அதைச் சன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டிவைத்தார்கள். வரவும் செலவும் சமன்படாத திட்டத்தை அனுப்பினால் சபையைக் கலைத்துவிடுவார்கள் என்பது சட்டம். ஆகவே ஐந்து உறுப்பினர்களும் கதவைச் சாத்திக்கொண்டு எதைக் குறைப்பது என்று உட்கார்ந்தார்கள்.

தலைவர் புஞ்சிபண்டா, ஊரின் நடுவில் மணிக்கூட்டுக் கோபுரம் கட்டித் தன் பெயரைச் சலவைக்கல்லில் வெட்டிவைத்தவர். கோபுரத்தில் கைவைக்கக் கூடாது என்றார். ஸஹாப்தீன், மாடு போனது போதும், கடைத்தெரு வீதியைத் தொடாதீர்கள் என்றார். மாணிக்கவாசகம் சந்தைக் கூரையைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்தால் மற்றவர்களுக்கு அது ஞாபகம் வந்துவிடும். மீதி இரண்டு உறுப்பினர்களுக்கும் இங்கே பெயர் தேவையில்லை. தலைவரின் கை எழும்பினால் அவர்களுடைய கைகளும் எழும்பும். தலைவர் காது சொறியக் கையைத் தூக்கி ஒரு தீர்மானம் நிறைவேறியதும் உண்டு. இப்படி ஒவ்வொன்றாகத் தப்பவிட்டுத் தப்பவிட்டுக் கடைசியில் எல்லோரும் பிரசவ விடுதியில் வந்து நின்றார்கள்.

“அங்க புள்ள பெறுறது யாரு?” என்றார் புஞ்சிபண்டா. “எல்லாம் தோட்டத்து ஆளுங்கதானே. ஓட்டு இருக்கா? இல்ல. வெட்டுங்க மொதலாளி.”

வெட்டினால் என்ன ஆகும் என்று மாணிக்கவாசகத்துக்குத் தெரியும். வாசிகசாலைக்காரரின் சாவி அவர் கண்முன்னால் வந்து ஆடியது. கூரையும் தப்ப வேண்டும், விடுதியும் சாகக் கூடாது என்று அவர் யோசித்த யோசனையில் நெற்றியில் வேர்வை மிளகு மிளகாக நின்றது. பெரிய இடங்களில் பணமில்லாத காலத்தில் ஒரு செலவுத் தலைப்பை மூடாமல் வைத்திருக்க, அடையாளத்துக்குப் பத்து ரூபாய் போட்டுவைப்பார்கள் என்று அவர் எங்கேயோ கேட்டிருந்தார்.

“வெட்ட வேணாம் மாத்தயா. அடையாளத்துக்குப் பத்து ரூபா போட்டு வைப்போம். தலைப்பு உசுரோட கெடக்கும். நல்ல காலம் வந்தா ஊட்டி வளத்துக்கலாம்.”

“மாஷா அல்லாஹ்!” என்றார் ஸஹாப்தீன். “மொதலாளிட மூளைக்கி வரி போட்டாலே இந்த ஊருக்குப் பத்தாக்கொறை ஈக்காது.”

சிரிப்போடு கைகள் எழும்பின. வரவும் செலவும் ஒரு சதம் கூடாமல் குறையாமல் நேராக நின்றன. மாணிக்கவாசகம் அன்று சந்தைக் கூரைக்கு அடியில் நின்று அதை நிமிர்ந்து பார்த்தார். ஓடு ஓடாக அது அவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது.

விடுதி கோழிக்கூடான அன்று மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். அவருடைய மனைவி மங்களேஸ்வரி வாழையிலையை நீளமாக விரித்து, தண்ணீர் தெளித்து, நடுவில் ஒரு பருக்கைச் சோறு வைத்து, அதன்மேல் ஊசி முனையால் ஒரு சொட்டுக் குழம்பு விட்டாள்.

“என்ன இது?”

“சோறுங்க. அடையாளத்துக்குப் போட்டிருக்கேன். உசுரு கெடக்கும்ல? நல்ல காலம் வந்தா ஊட்டி வளத்துக்கலாம்.”

சபைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது சமையலறைக்கு எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. அந்த ஊரில் சாத்திய கதவு என்பதற்கும் ஒதுக்கீடு கிடையாது. பருக்கையைச் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவி எழுந்தார்.

கடையில் வேலம்மா மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். மேல் லயத்துக்காரி, தோட்டத்து வேலைப் பட்டியலில் பேர் வெட்டியதிலிருந்து ஏழாம் இலக்கத்தில் சுளகோடு உட்கார்ந்திருந்தாள். புருசன் அரிசி தேடி வில்கமுவப் பக்கம் வயலுக்குப் போனவன், அறுவடை முடியாமல் வரமாட்டான். அவளுக்கு அது நிறைமாதம். முதல் இரண்டும் லயத்து ஒற்றையறைக் காம்பராவிலேயே பிறந்து, அங்கேயே போய்விட்டன. இரண்டாவதோடு அவளும் போகப் பார்த்தாள். நோனா மலையேறி வந்து வழியில் மறித்துத் திருப்பிக்கொண்டு வந்தாள் என்று சொல்வார்கள். மூன்றாவதை என் கட்டிலில், என் ஆயுதங்களோடுதான் பெற வேண்டும், இல்லையென்றால் நீயும் இல்லை பிள்ளையும் இல்லை என்று நோனா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

“மொதலாளி, விடுதியப் பாத்தீங்களா?”

“பாத்தேன் வேலம்மா. உசுரோட இருக்குல்ல?”

“இருக்குங்க. என் கால் பெருவெரலு உள்ள போகுது. மிச்சத்த எங்கங்க வைக்கிறது?”

மாணிக்கவாசகம் தராசைத் துடைத்தார். துடைத்த தராசையே திரும்பவும் துடைத்தார். மாத்தளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போ, பஸ் காசு தர்றேன் என்றார். அவள் சுளகைத் தட்டினாள். பதர் பறந்து அவர் சட்டையில் ஒட்டியது.

மறுநாள் பிடித்த மழை விடவேயில்லை. மலைக்கு அந்தப் பக்கம் லக்கலவில் யானைகள் முதுகில் சோப்புப் போட்டுக் குளிக்கும் அளவுக்குப் பெய்தது. மாத்தளை வீதியில் மண் சரிந்தது. வண்டி போகாது, ஆள் போகாது, கடிதம்கூடப் போகாது. ஊர் மலைக்கு நடுவில் மூடிவைத்த சட்டிபோல ஆயிற்று. சரிந்த மண்ணை அள்ள எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. வேலம்மாவின் வயிறு மட்டும் தனக்கு நாள் தெரியும் என்பதுபோல நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டு வந்தது. நோனா ஒவ்வொரு காலையும் கடைக்கு வந்து அந்த வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு நிமிர்ந்து மாணிக்கவாசகத்தைப் பார்த்தாள். அவருக்கு மிளகு நிறுக்கும்போது தட்டு அடங்கவில்லை. வெறுந் தராசும் ஆடியது. மங்களேஸ்வரி வழக்கம்போலச் சோறு போடத் தொடங்கியிருந்தாள். ஆனால் அவருக்கு அந்த ஒரு பருக்கைக்கு மேல் இறங்கவில்லை.

ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற வேண்டுமென்றால் சபை கூட வேண்டும், ஐந்தில் மூன்று கை எழும்ப வேண்டும். மாணிக்கவாசகம் விசேட கூட்டத்துக்கு அறிவித்தல் கொடுத்தார். கூட்ட நாள் காலையில், சுளகு கையிலிருந்து நழுவி மிளகு நாலாபக்கமும் உருள, வேலம்மா கடை வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“வந்துருச்சுங்க” என்றாள்.

நோனா அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய், கோழிக்கூட்டு அளவு விடுதியின் முன்னால் சாக்குகளை விரித்துப் படுக்கவைத்து, நாலு பேரை மேலே லொறித் தார்ப்பாயைப் பிடிக்கச் செய்தாள். சபை மண்டபம் வீதிக்கு எதிர்ப்புறம்தான். சன்னலால் பார்த்தால் தார்ப்பாய் தெரியும். பார்க்காவிட்டால் சத்தம் கேட்கும். நோனா சின்னச் சன்னலுக்குள்ளிருந்து விரல் நுனியால் மருந்துப் போத்தல்களை எடுத்து வரிசையாக வைத்தாள். அவை கடுகுபோல இருந்தன. ஊசி கண்ணுக்கே தெரியவில்லை.

மண்டபத்தில் புஞ்சிபண்டா தொண்டையைக் கனைத்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. யார் அழுதாலும் தாங்கமாட்டார், அழுகையை நிறுத்தச் சுலபமான வழியைத் தேடுவார். “ஏன் மொதலாளி இவ்வளவு கஷ்டம்? ஏக்கர் வரி வரும்தானே. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வரும். வருது என்னு எழுதுவோம். எதையும் கொறைக்க வேணாம், எல்லாம் முழுசா நிக்கும். அந்தப் பொம்பளையும் உள்ள போகலாம்.” சொல்லிக்கொண்டே கையைத் தூக்கினார். இரண்டு கைகள் கூடவே எழும்பின. மூன்று கை. தீர்மானத்தைக் குறித்துக்கொள்ளக் காரியதரிசி பேனாவை மையில் தோய்த்தார்.

அந்தப் பேனா மைக்கூட்டிலிருந்து வெளியே வருவதற்குள் மாணிக்கவாசகம் எழுந்து மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, மைக்கூட்டை மூடினார். பேனா உள்ளேயே நின்றது. எதிரில் வேலம்மா கத்திய கத்தலில் கோபுரத்துச் சலவைக்கல்லும் அதிர்ந்தது.

“எழுதலாம் மாத்தயா. பொகை வரும். எந்தத் தலைப்புல போயி ஒக்காரும்னு ஒங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அந்த விடுதியிலயே ஒக்காந்தா, கட்டில்ல படுத்த பொம்பள நடுவால கீழ விழுவா, புள்ள கைக்கு வராது. சரி, அங்க ஒக்காரலனு வைங்க. போன வருசம் பாலத்துல ஒக்காந்துச்சு. இந்த வருசம் கோபுரத்துல ஒக்காந்தா? ஒங்க பேரு வெட்டின கல்லுக்குள்ள காக்கா பூந்து அந்தப் பக்கமா வெளிய போகும். ஊரே பாக்கும்.”

புஞ்சிபண்டா சன்னல் வழியாகக் கோபுரத்தைப் பார்த்தார். மழைத் தாரைக்குள் அது ஏற்கனவே கொஞ்சம் புகைபோலத்தான் தெரிந்தது. அவருடைய கை மெல்ல இறங்கி முழங்காலுக்குப் போயிற்று. மற்ற இரண்டு கைகளும் கூடவே இறங்கின.

“அப்ப எதைக் கொறைக்கிறது?” என்று கேட்டார்.

எல்லோரும் அடுத்தவரின் தலைப்பைப் பார்த்தார்கள். “என்ட கடைப் பக்கம் பாக்க வாணாம்” என்று ஸஹாப்தீன் முந்திக்கொண்டார். “மாட்டக் குடுத்திட்டன். அதோட என்ட பங்கு முடிஞ்சி.” தார்ப்பாய்க்கு அடியிலிருந்து வந்த சத்தம் நின்றது. சத்தம் இருந்தபோது இல்லாத பயம் நின்றபோது மண்டபத்துக்குள் வந்தது. அடுத்த கணம் நோனா வீதிக்கு நடுவில் வந்து நின்று, மழையில் குடையில்லாமல், முழங்கைவரை சிவந்த கையோடு, “இக்மன் கரன்ன, மாத்தயாலா!” என்று அலறினாள். சீக்கிரம் என்பதை அங்கே யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மாணிக்கவாசகத்தின் கடையில் அந்த வருட மிளகு முழுவதும் மூட்டையாக அடுக்கியிருந்தது. கொழும்பு வியாபாரி விலை பேசி, வீதி திறந்ததும் வந்து ஏற்றுவதாகச் சொல்லியிருந்தான். சந்தைக் கூரை, கடைக்கு ஒரு பிரிவாகத் திட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு கடைக்காரரும் தன் கூரையைத் தனியாகக் காப்பாற்றிக்கொள்ள அவர்தான் அப்படி எழுதச் சொன்னார். இப்போது அதே கெட்டித்தனம் அவர் கழுத்தைப் பிடித்தது. தன் வாயால் சொல்லவேண்டிய இலக்கம் எது என்று அவருக்குத் தெரிந்தது. சொல்வதற்கு முன்னால் தன்னையும், ஏக்கர் வரியையும், பல்லி சொன்ன முதல் தலைவரையும், தனக்கு ஒரு பருக்கைச் சோறு வைத்த மனைவியையும் வரிசையாகத் திட்டினார். பெரிய மனசோடு செய்தார் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தார்.

“சந்தைக் கூரை, ஏழாம் இலக்கம்” என்றார். “முழுசா வெட்டுங்க. அந்தக் காச விடுதிக்கு மாத்துங்க.”

“மொதலாளி, அடையாளத்துக்குப் பத்து ரூபாயாவது...” என்று ஸஹாப்தீன் இழுத்தார்.

“பத்து ரூபா கூரைக்குக் கீழ நான் மட்டும் நின்னு என்ன பண்றது? வெட்டுங்கங்கிறேன்.”

அவருடைய கை எழும்பியது. ஸஹாப்தீனின் கை எழும்பியது. புஞ்சிபண்டாவின் கை ஒரு கணம் தயங்கி எழும்பியது. மற்ற இரண்டும் அதைவிட வேகமாக எழும்பின. காரியதரிசி எழுதினார். மை காய்வதற்குள் எதிரில் விடுதி, உலைமூடி எழும்புவதுபோலக் குதித்தது. சுவர்கள் வளர்ந்தன, செம்பரத்தை ஒருமுறை மூச்சுவிட்டு மரமானது, சன்னல்கள் பட்பட்டென்று திறந்துகொண்டன. ஒரு கடையின் கூரைக் காசுக்கு நாலு கட்டில் வராது. ஒரு கட்டிலும், ஒரு மேசையும், குனிந்து நிற்கும் உயரத்துக்கு ஒரு கூரையும் வந்தன. கத்தரிக்கோல் கத்தரிக்கோலாயிற்று, ஊசி ஊசியாயிற்று, போத்தல்கள் கைக்கு அகப்பட்டன. தார்ப்பாய் பிடித்தவர்கள் வேலம்மாவைத் தூக்கி, தாங்களும் குனிந்து உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

அதே கணத்தில் சந்தையில் ஏழாம் இலக்கக் கடையின் கூரை போய்விட்டது. உடையவில்லை, விழவில்லை, ஆறாம் இலக்கத்து ஓடும் எட்டாம் இலக்கத்து ஓடும் அங்கங்கே நின்றன, நடுவில் வானம் இருந்தது. அத்தனை மழையும் நேராக மிளகின்மேல் இறங்கியது. மாணிக்கவாசகம் கடைக்கு ஓடவில்லை. விடுதி வாசலில் செம்பரத்தைக்குக் கீழே, மழை வாய்க்குள் போவதும் தெரியாமல் நின்றார். புஞ்சிபண்டாவும் வந்து பக்கத்தில் நின்று, ஒரு சுருட்டைப் பற்றவைக்கப் பார்த்தார், நெருப்பு நிற்கவில்லை. உள்ளே வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. கோபுரத்து மணிகூட அன்று அடிக்க மறந்தது என்பார்கள்.

பிறகு உள்ளே நோனா ஒரு அடி கொடுக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பதில் சொல்வதுபோல ஒரு குரல். அது வளர்ந்து ஊரையே திட்டத் தொடங்கியது.

பெண் குழந்தை. சந்திரகாந்தா என்று பெயர் வைத்தார்கள். தாயும் பிழைத்தாள், மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, கடையில் மிளகு என்னாச்சு என்றுதான் முதலில் கேட்டாள். குனிந்த கூரைக்குக் கீழே பிறந்ததால் சந்திரகாந்தா எவ்வளவு உயரமான வாசலுக்குள் போகும்போதும் தலையைக் குனிந்துகொண்டுதான் போவாள்; பள்ளிக்கூடத்தில் இதை மரியாதை என்று நினைத்து அவளுக்குப் பரிசு கொடுத்தார்கள்.

மிளகு பூஞ்சணம் பூத்துப்போயிற்று. கொழும்பு வியாபாரி வந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போனான். மாணிக்கவாசகம் மங்களேஸ்வரியின் காப்பை அடகுவைத்தார். வரி பல வருடங்கள் கழித்து வந்தது. விடுதி கட்டில் கட்டிலாக வளர்ந்து பழைய அளவுக்கு வந்தது. இரும்புப் பெட்டி தரையில் இறங்கியது. ஏழாம் இலக்கத்துக் கூரை மட்டும் வரவில்லை. வெட்டியது வெட்டியதுதான். அதுமட்டுமில்லை, அந்த இடம் தனக்கே எழுதிக்கொடுக்கப்பட்டது என்று மழை எடுத்துக்கொண்டது. ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும் ஆகஸ்டிலும் கடையின் அகலத்துக்கு ஒரு தூறல் அங்கே நின்று பெய்யும். ஒரு விரல் இந்தப் பக்கம் நகராது. பலகை இடுக்கில் விழுந்த மிளகு முளைத்து, தூண்களிலும் அலமாரியிலும் கொடியாக ஏறிக் காய்த்தது. மாணிக்கவாசகம் குடையைப் பிடித்துக்கொண்டு அலமாரியிலிருந்தே மிளகு பறித்து நிறுத்துக் கொடுத்தார். வெற்றிலையும் மிளகுக் கன்றும் விற்றார். வாங்க வருபவர்கள் குடையோடு வந்தார்கள். கடன் கேட்டு வருபவர்கள் மட்டும் அதிக நேரம் நிற்கவில்லை.

1983 ஜூலையில், வெளியூரிலிருந்து லொறிகளில் ஆட்கள் வந்தார்கள். கையில் மண்ணெண்ணெய் இருந்தது. எந்தக் கடை யாருடையது என்று அவர்களுக்குச் சொல்ல ஆளும் இருந்தது. சந்தை வரிசையில் முதலாம் இலக்கத்திலிருந்து தொடங்கினார்கள். மாணிக்கவாசகம், மங்களேஸ்வரி, வேலம்மா, ஏழு வயது சந்திரகாந்தா நாலு பேரும் ஏழாம் இலக்கத்தின் உட்கதவுக்குப் பின்னால், இடுப்பளவு மிளகுக் கொடிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு கடைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் சத்தம் கேட்டது. வேலம்மா பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசல் பலகையில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அது தண்ணீரோடு ஓடி வாய்க்காலில் இறங்கியது. பந்தத்தை உள்ளே எறிந்தார்கள். அது விழுவதற்கு முன்பே அணைந்தது. இன்னொரு தகரம் ஊற்றினார்கள், இன்னொரு பந்தம் எறிந்தார்கள். தலைக்கு மேலே வானம் நீலமாக இருந்தது. மழை மட்டும் ஏழாம் இலக்கத்தில் நின்று நிதானமாகப் பெய்தது. அந்த நாட்களில் மண்ணெண்ணெய் சும்மா கிடைக்கும் பொருளல்ல. கடைசியில் ஒருவன், இந்தக் கடையில் வீணாக்கினால் அடுத்த ஊருக்குக் காணாது என்று கணக்குச் சொல்ல, லொறியில் ஏறிப் போனார்கள். நெருப்பு ஏழாம் இலக்கத்தைத் தாண்டவில்லை. எட்டாம் இலக்கத்திலிருந்து வரிசை முழுவதும் தப்பியது. அப்போது தலைவராக இல்லாத புஞ்சிபண்டா, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாளிகளோடு ஓடி வந்தார். எரிந்துகொண்டிருந்த ஆறு கடைகளுக்கும் வாளியை ஏழாம் இலக்கத்தில்தான் நிரப்பினார்கள். எட்டாம் இலக்கத்து ஸஹாப்தீன் அன்று தன் கூரையை நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் காலையில் ஒரு புதுக்குடை கொண்டுவந்து மாணிக்கவாசகத்தின் கையில் கொடுத்துவிட்டு, “எட்டாம் நம்பர்ட வாடக” என்று மட்டும் சொன்னார்.

பட்டினசபை போய், வேறு பெயரில் வேறு சபை வந்தது. 1994இல் இளம் உறுப்பினர்கள், அளவு நாடாவோடு கடைக்கு வந்து, ஏழாம் இலக்கத்துக்குக் கூரை போட இந்த முறை பணம் ஒதுக்கப்போகிறோம் என்றார்கள். அதில் தோட்டத்துப் பையன்களும் இருந்தார்கள். அதற்குள் அவர்களுக்கும் வாக்கு வந்திருந்தது. மாணிக்கவாசகத்துக்கு வயது எழுபத்தைந்து; குடைக்காம்பு உள்ளங்கையில் வேர்விட்டிருந்தது. அவர் குடையோடு சபைக்குப் போய், மண்டபத்துக்குள்ளும் மடக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தம்பிமாரே, கூரை வேணாங்க. அந்தக் காச விடுதிக்கு ஒரு கட்டிலாப் போடுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. இவ்வளவு காலமா அந்த மழை திட்டத்துல ஏறாமலே பெஞ்சுக்கிட்டு இருக்கு. நாளைக்கி யாராவது புதுசா வந்து, இது எந்தத் தலைப்புனு கேட்டு நிறுத்திட்டா? அடையாளத்துக்கு ஏதாச்சும் போட்டு வைங்க.”

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கைதூக்கினார்கள். அதற்குப் பிறகு வருமானம் ஏறியும் இறங்கியும் பல வருடங்கள் போயின. பணமில்லாத வருடங்களில் வீதியைக் குறைத்தார்கள், விளக்கைக் குறைத்தார்கள், தலைவரின் வாகனத்துக்கு எண்ணெயைக்கூட ஒருமுறை குறைத்தார்கள். ஆனால் கம்மிரிஸ்வத்தையின் ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும், பொதுச் சுகாதாரத்துக்கும் மயானப் பராமரிப்புக்கும் நடுவில், ‘மழை, ஏழாம் இலக்கக் கடை: ரூபாய் பத்து’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி வரும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. வாசிக்கிறவர் ஒருமுறை சன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விடுவார்.